நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

அந்தப் படத்தை நானும் அக்காவும் ஏழு தடவையாவது பார்த்திருப்போம். முதல் தடவை, ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டு ரீவியில் பாதியிலிருந்து பார்த்தோம். பிறகு அக்கா அதைத் தன் போனில் ஏற்றி வைத்துக்கொண்டாள். கப்பலில் சமையற்காரனாகப் போன ஒருவன் பல வருடமாக வீடு திரும்பவில்லை. அவன் மனைவி துறைமுக வாசலுக்கு எதிரே இடியப்பம் அவித்து விற்கிறாள். கடைசியில், நல்ல மழைக்குள் அவன் வந்து கடை வாசலில் நிற்கிறான். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்து வைக்கிறாள். அத்தோடு படம் முடிந்துவிடும். அந்தத் தட்டு மேசையில் படுகிற சத்தத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிடும்.

அக்கா அழுவதற்குக் காரணம் இருந்தது. அத்தான் முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிறகு அதே வேலைக்குக் கட்டாருக்குப் போனார். முதல் நாலு வருடமும் லீவில் வந்து போனார். அதற்குப் பிறகு எட்டு வருடமாக வரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் வந்த போன் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. அவர் அங்கே வேறொருத்தியோடு இருப்பதாக, கூட வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் சொன்னார். பிள்ளைகள் இல்லை. அக்கா உட்துறைமுகத்தடி வீட்டில் தனியே இருந்து, ரோல்ஸ், பற்றீஸ் என்று சிற்றுண்டிகள் செய்து இரண்டு கன்ரீன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை படம் முடிந்ததும், "எனக்கு வராட்டியும் இவளுக்காவது வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு எழும்பி, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

போன வருடம் அக்காவின் வலது கண்ணில் ஒரு பக்கம் கறுப்புச் சீலை தொங்குவது மாதிரித் தெரியத் தொடங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருக்கிறோம், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்கவேண்டும், அதனால் பத்து நாளைக்கு முகம் கவிழ்ந்தே இருக்கவேண்டும் என்றார் டொக்டர். திருகோணமலை வரும்வரை வான் வண்டியில் தலையணைமேல் நெற்றியைக் கொடுத்துக் குனிந்தபடியே வந்தாள். நான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியில் லீவு போட்டு, வீட்டைக் கணவரிடம் விட்டுவிட்டு அவளோடு வந்து தங்கினேன்.

கட்டிலில் குப்புறப் படுப்பாள். தலை கட்டிலுக்கு வெளியே வந்து, எதிரே போட்ட கதிரையில் இருந்த இரண்டு தலையணைகளில் முட்டுக்கொடுத்து நிற்கும். மூச்சு விடுவதற்குத் தலையணைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதற்குள்ளால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புச் சீமெந்துத் தரையும் என் கால்களும்தான்.

"நிலத்தில இருக்கிற வெடிப்பெல்லாம் பாடமாக்கிப்போட்டன்" என்றாள் இரண்டாம் நாளே.

போனில் அந்தப் படத்தைப் போட்டு, சத்தத்தையாவது கேட்கட்டும் என்று பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் அந்தப் படத்தில் கதைக்கிற இடம் எவ்வளவு குறைவு என்று விளங்கியது. மழையும் இசையும் மட்டுமே கேட்டன. கொஞ்ச நேரத்தில் அக்காவே நிறுத்தச் சொன்னாள்.

என்னோடு வேலை செய்கிற கிண்ணியாக்காரி மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்க வந்தாள். நான் படத்தின் கதையைச் சொன்னதும், "அது ஒரு நாவல்ல இருந்து எடுத்ததுதானே? எங்கட ஊட்ட இருக்கு, கொண்டு வந்து தாறன்" என்றாள். எழும்பிப் போகும்போது, "ஆனா படம் மாதிரி நினைச்சிப் படிக்காதீங்க" என்றும் சொன்னாள். அடுத்த நாள் வேலைக்கு வரும் வழியில் கொண்டுவந்து தந்தாள். முன்னூற்றுச் சொச்சம் பக்கம். ஓரங்கள் மஞ்சளடித்திருந்தன.

அன்றே சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்திலேயே எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. படத்தில் அவள் மெலிந்தவள், வாய் திறக்காதவள். புத்தகத்தில் வந்தவளோ பருத்த உடம்புக்காரி, வாயில் எந்நேரமும் வெற்றிலை, வருகிற போகிற எல்லாரோடும் சண்டை. இடியப்பம் ஆறிப்போச்சு என்று சொன்ன ஒரு லொறிக்காரனை அவள் ஏசுகிற ஏச்சு மட்டும் முக்கால் பக்கம் போனது. கடலும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு தோல் பதனிடுகிற இடம்தான் இருந்தது. அந்த மணத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதியிருந்தது.

அக்கா தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்கோ அக்கா. தலை ஆடக்கூடாதெல்லோ?"

"அந்த லொறிக்காரன்ர இடத்தைத் திருப்பி வாசி."

"எனக்கு இவளைப் பிடிக்கேல்லை. படத்தில எவ்வளவு அமைதியா இருந்தவள்."

"இவள்தான் இடியப்பக்காரி" என்றாள் அக்கா. "விடிய நாலு மணிக்கு எழும்பி மாக்குழைக்கிறவள் அப்பிடி மெல்லமாக் கதைப்பாளே?"

இப்படியே காலையிலும் பின்னேரத்திலும் வாசித்து மூன்றாம் நாள் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தோம். அவன் வந்துவிட்டான். மழை இல்லை, மத்தியான வெயில். அவன் செருப்பு ஒன்று அறுந்திருந்தது. அவள் பார்த்தாள், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள், தட்டை வைத்தாள். படம் முடிகிற இடம் அதுதான். புத்தகத்தில் இன்னும் பாதிக்குமேல் கிடந்தது.

அக்கா நித்திரையாகிவிட்டாள். நான் மிச்சத்தை ஆங்காங்கே புரட்டிப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. கடைசிப் பக்கங்களையும் பார்த்துவிட்டேன். இது அக்காவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்த நேரத்தில் அவளுடைய மனதைக் குழப்பக்கூடாது என்று எனக்குள் நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அவள் எழும்பியதும், "புத்தகம் முடிஞ்சுது அக்கா" என்றேன்.

"தா இஞ்சை" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். நான் அடையாளத்துக்கு வைத்த தாளைத் தேடிப்பிடித்து, இரண்டு பக்கத்துத் தடிப்பையும் விரல்களால் அளந்தாள்.

"இவ்வளவு கிடக்கு. முடிஞ்சுதாம்."

"மிச்சம் நல்லா இல்லை. படம் இந்த இடத்தோடதான் முடியுது. இவ்வளவு காணும்."

"உனக்கு நல்லா இல்லையெண்டா நீ கேக்காமல் இரு. எனக்கு வாசி."

வாசித்தேன். திரும்பி வந்தவன் கெட்டவன் இல்லை. கூரை திருத்துகிறான், தண்ணீர் அள்ளுகிறான், கப்பல் கதைகள் சொல்லிக் கடைக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைக்கிறான். ஆனால் அவள் வைத்த சட்டி வைத்த இடத்தில் இருப்பதில்லை. அவள் இருபது வருடமாகத் தனியே படுத்த பாயில் இப்போது பாதி இடம்தான். அவனோடு சண்டை பிடிக்கவும் அவளுக்கு மனம் வருவதில்லை. கடைசியில் ஒரு நாள் கடையை அவனிடமே விட்டுவிட்டு, பஸ் ஏறித் தன் தங்கை இருக்கிற ஊருக்குப் போகிறாள். யன்னல் பக்க இருக்கைக்காகக் கண்டக்டரோடு சண்டை பிடித்து வாங்கி, கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் நாவல்.

புத்தகத்தைக் கட்டிலில் போட்டேன். எனக்குக் கோபமாக இருந்தது. "அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்திட்டு இப்பிடியே செய்யிறது?" என்றேன்.

அக்கா கையால் தடவிப் புத்தகத்தை எடுத்து மூடி வைத்தாள். பிறகு தலையணைக்குள்ளிருந்தே, "அத்தான் போன் எடுத்தவர்" என்றாள்.

"எப்ப?"

"கொழும்புக்குப் போறதுக்கு முதல் கிழமை. வேலை முடிஞ்சுதாம். அந்த மனுசியும் தன்ர நாட்டுக்குப் போயிட்டாளாம். வீட்டுக்கு வரட்டோ எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஊருக்கு வாங்கோ, வீட்டுக்கு வரவேண்டாம் எண்டு சொன்னனான்."

புத்தகம் அவளுடைய மனதை மாற்றிவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ அதைக் கையில் தொடுவதற்கு முன்பே சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து அழுகிறனீ. உனக்கு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அழுதுவிட்டேன். அப்பா செத்தபோது அத்தான்தான் எல்லாம் நின்று செய்தவர். என்னைப் படிக்க விட்டவரும், அரச வேலைப் பரீட்சைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். அந்தத் தட்டுச் சத்தத்துக்கு அக்கா தனக்காக அழுகிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அத்தான் வரவேண்டும் என்று அவளைவிடக் கூடுதலாக ஆசைப்பட்டவள் நான்தான். அக்காவுக்கு என் முகம் தெரியவில்லை. கையைக் கீழே விட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அத்தான் வந்தார். சாம்பல்தீவில் தமையன் வீட்டில் இறங்கினார். அக்காவின் கண் அதற்குள் தேறியிருந்தது. நேர்கோடுகள் மட்டும் அந்தக் கண்ணுக்கு இன்னும் வளைந்து தெரிகின்றன. தன் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, எங்கள் வீட்டில் வைத்து அவரைச் சந்தித்தாள். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுக் குசினியில் நின்றேன்.

"நான் செய்தது பிழைதான்" என்றார் அத்தான். "நீர் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

"ஓம், பிழைதான்" என்றாள் அக்கா. "நான் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை. எனக்கு இப்ப இருக்கிற மாதிரி இருக்க விடுங்கோ."

ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பார்கள். கூடுதலாக அவருடைய உடம்பைப் பற்றியும் அவளுடைய கண்ணைப் பற்றியும்தான். ஒருவரும் சத்தம் போடவில்லை.

பிறகு ஒருநாள் அந்த நாவலைத் திருப்பிக் கொடுக்க முன் நான் தனியே இருந்து முழுதாக வாசித்தேன். பஸ்ஸில் அவள் கச்சான் சாப்பிடுகிற இடத்தில் இந்தமுறை கோபம் வரவில்லை. படம் எடுத்தவர் மழையோடு நிறுத்தியதிலும் எனக்குக் குறை இல்லை. இப்போது எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்லுவேன்.

அத்தான் இப்போது திருகோணமலை ரவுணில் ஓட்டோ ஓட்டுகிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரோடு கிரிக்கெட் பார்ப்பார். முதலில் அதை அக்காவுக்கு மறைத்தேன். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"உன்ர வீடு, உன்ர விருப்பம்" என்றாள். பற்றீஸ் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திக்கொண்டே போனவள், ஒரு தட்டம் முடிந்த பிறகு, "அந்தாளுக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணியைக் கேட்ட உடன சீனியைப் போட்டுக் குடுத்திடாதை" என்றாள்.