முதலில் வந்தது ஏரோதுவின் பெயர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஓர் இலையுதிர்காலக் காலையில். டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கே வைத்தாய் என்று கேட்கப் போனவரின் வாயிலிருந்து சொல் வரவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. திரும்பக் கேட்டார். திரும்பவும் அதே சத்தம். அவர் முகத்தில் வலி இல்லை, வெறும் திகைப்புத்தான். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அம்புலன்ஸை அழைத்தேன்.

பக்கத்து நகரமான ஓகூசின் ஆஸ்பத்திரியில் அவருடைய உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வலது கை கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும்; பதில் சொல்லத்தான் முடியாது. தமிழும் போய்விட்டது, டெனிஷும் போய்விட்டது. "அது" என்ற ஒரு சொல்தான் மிச்சம். தண்ணீரும் அது, செபமாலையும் அது, நானும் அது.

எங்கள் இருவருக்கும் ஊர் மன்னார். இங்கே அவர் மேசை, கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். குடிக்கமாட்டார், காட்ஸ் விளையாடமாட்டார். அவருக்கிருந்த ஒரே பைத்தியம் பழைய யூத நாணயங்கள். அது பிடித்ததும் தற்செயலாகத்தான். ஓகூசில் காருக்குக் குளிர்கால டயர் மாற்றக் கொடுத்துவிட்டு, நேரம் போக்குவதற்காகப் பக்கத்து மண்டபத்தில் நடந்த நாணயச் சந்தைக்குள் நுழைந்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு செப்புக்காசு, என் சின்னவிரல் நகத்தின் அளவில்.

"என்னப்பா இது? கறள் பிடிச்ச பொத்தான் மாதிரிக் கிடக்கு."

"சுவிசேஷத்தில ஏழைக் கைம்பெண் ஒராள் காணிக்கை போட்டவ எல்லோ, அப்பிடியான காசு. அலெக்சாந்தர் யன்னாயு எண்ட ராசா அடிச்சது."

யன்னாயு இயேசு பிறப்பதற்கு முன்பே ஆண்டு முடித்தவன். மக்கபேயர் என்ற யூதப் பரம்பரையில் வந்த அரசன், தலைமைக் குருவும் அவனே. அவன் செத்து நெடுங்காலம் ஆன பிறகும் அவனுடைய காசுகள் ஏழைகளின் கையில் புழங்கினவாம். ஒரு பக்கத்தில் நங்கூரமும் கிரேக்க எழுத்தும் இருந்தன. மறுபக்கத்தில் ஒரு நட்சத்திரம், அதன் கதிர்களுக்கு நடுவே எபிரேய எழுத்து.

"ராசாவின்ர முகத்தைக் காணேல்லையே?" என்று கேட்டேன்.

"உருவம் செய்யக்கூடாதெண்டு கட்டளை இருக்கல்லோ. அதாலதான் அநேகமா முகம் போடமாட்டினம். பூ, நங்கூரம், மாதுளம்பழம், இப்பிடித்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஓர் அரசன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பெரிய ஏரோது வந்தான். அவன் மகன் அர்க்கெலாவு திராட்சைக் குலையோடு வந்தான். ஏரோதுவின் பேரன் அகிரிப்பா அரச குடையோடு வந்தான். சாப்பாட்டு மேசையில் இவர்களுடைய குடும்பச் சண்டைகளை அவர் சொல்லத் தொடங்கினால் மகள் "இக்க நூ, ஃபா" என்பாள். இப்ப வேண்டாம் அப்பா என்று அர்த்தம். இங்கே பிறந்த பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் டெனிஷில்தான் பதில் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, பேச்சுப் பயிற்சிக்காக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் டெனிஷ்காரப் பெண், பொறுமையானவர். ஆப்பிள், பூனை, சைக்கிள் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அடுத்த முறையும் அப்படித்தான். வேலையிடத்தில் பேச முடியாத எத்தனையோ வயோதிபர்களோடு நான் சிரித்த முகத்தோடு இருந்திருக்கிறேன். வீட்டில் அது கைகூடவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஒரு நாள் அந்தப் பெண் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நோய் வருவதற்கு முன் இவர் எதைப் பற்றிப் பேச விரும்புவார்?"

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பழைய காசு என்றேன்.

"அப்படியென்றால் அதைக் கொண்டுவாருங்கள்."

அடுத்த முறை நாணயத் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். மேசையில் விரித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் காசுகளைத் தடவிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினார். "யார் இது?" என்று அந்தப் பெண் டெனிஷில் கேட்டார். என் கணவரின் உதடுகள் கூடின, பிரிந்தன, திரும்பக் கூடின. அந்தப் பெண் என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினார்.

"ஏ... ஏரோ... ஏரோது."

அவரே தன் குரலைக் கேட்டு விறைத்துப்போனார். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னைக் கூப்பிட வாய் வரேல்ல," என்றேன். "பச்சைப் பிள்ளையளைக் கொன்ற பாவியின்ர பேர் வந்திட்டுது."

அவர் சிரித்தார். கோணிய வாயால் வந்த சிரிப்பு. நோய் வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து நாணயத் தட்டு குசினி மேசையிலேயே இருந்தது. மகள் ஒடென்சே நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வார இறுதிகளில் ரயிலேறி வருவாள். காசுகளை எடுத்து வைத்துப் பயிற்சி கொடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். அதில்தான் ஒரு புதுமை நடந்தது. நங்கூரத்தைக் காட்டி அவள் "அங்க்கர்" என்று டெனிஷில் சொன்னாள். அவர் தலையாட்டி மறுத்தார். தமிழில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. நான் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இருவரும் ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள்: ஒருவருக்கு அது மறந்துபோன சொல், மற்றவளுக்கு அது தெரியாத சொல்.

"நங்... நங்கூ... ரம்," என்றார் அவர்.

"நங்கூரம்," என்றாள் அவள். "அங்க்கர், நங்கூரம். கேக்க ஒரே மாதிரி இருக்கு, அப்பா."

அவள் தமிழில்தான் சொன்னாள். அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

மாதுளம்பழம், திராட்சை, குடை என்று அந்தக் குளிர்காலம் போனது. இருவரும் மாறி மாறித் தடுமாறினார்கள், மாறி மாறிச் சிரித்தார்கள். அவள் தடுமாறும்போது இவருக்கு ஒரு தெம்பு வரும். வசனங்கள் வருவதற்கு நாள் எடுத்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இஞ்சேரும், உப்புக் காணாது," என்றார். கலியாணம் செய்த நாள் முதல் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. உப்புப் போத்தலைக் கொடுத்துவிட்டு, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

வசந்தத்தில், அவர் உறுப்பினராக இருந்த ஓகூஸ் நாணயக் கழகத்தின் கூட்டம் வந்தது. டெனிஷும் அரைகுறையாகத் திரும்பியிருந்தது. போகவேண்டும் என்றார், போவது மட்டுமல்லாமல் அகிரிப்பாவின் காசைப் பற்றிப் பேசவும் வேண்டும் என்றார். நான் பயந்தேன். மகள்தான் காரை ஓட்டினாள்.

தொடக்கம் நன்றாகவே போனது. ஒரு பக்கம் வாற்கோதுமைக் கதிர்கள் என்றார். மறுபக்கம் என்று தொடங்கி நின்றுவிட்டார். குடைக்கு உரிய டெனிஷ் சொல் வரவில்லை. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் எடுத்துக்கொடுக்கவில்லை. மண்டபமே காத்திருந்தது.

"குடை," என்றார் அவர் தமிழில். கையைத் தலைக்கு மேலே விரித்துக் காட்டினார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "பராப்ளி," என்றார் டெனிஷில். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அவரும் சிரித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

இப்போது தொழிற்சாலையில் அவருக்கு அரைநேர வேலை கொடுத்திருக்கிறார்கள். களைத்துவிட்டால் சொற்கள் இன்னும் ஒளித்துவிடும். அப்போது கையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார், நாங்களும் அவசரப்படுத்துவதில்லை. மகள் தொலைபேசியில் என்னைவிட அவரோடுதான் கூடக் கதைக்கிறாள். வரும் கோடையில் இருவரும் பழைய நாணயங்கள் பார்க்கக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். ரயில் சீட்டை அவள் போடும்போது, "ஜன்னல் பக்கமாப் பார்த்து எடு பிள்ளை, முன்னுக்குப் பார்த்தபடி இருக்கவேணும்," என்று ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னார்.