ஸ்டியரிங்குக்குள் இருக்கும் டப்பா

என் மனைவிக்கு உயரம் குறைவு. கார் ஓட்டும்போது இருக்கையை முன்னால் இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, அடியில் ஒரு திண்டையும் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவாள். "சோத்துப் பானைய அணைச்சுக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு" என்று பல வருடம் கேலி செய்திருக்கிறேன். அந்தப் பானைக்குள், அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி, ஓர் உலோக டப்பா இருக்கிறது என்று தெரியவந்த அன்றோடு கேலி நின்றுபோயிற்று.

செய்தித்தாளின் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் கார் வகையில் பழைய வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்கிறது, ஏர்பேக்கில் கோளாறு, இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். எங்களுடையதும் பழைய, சின்னக் கார்தான். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஓட்டி விற்றதை வாங்கியது. சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு சிவப்பு எழுத்தில், ஆம், உங்கள் வண்டியும் உண்டு.

அதற்குப் பிறகு வாசித்ததையெல்லாம் வாசிக்காமல் இருந்திருக்கலாம். இடித்தால் பையை ஊதுவதற்கு டப்பாவுக்குள் ஒரு வெடிமருந்து இருக்கிறது. வெயிலும் ஈரமும் வருடக்கணக்கில் ஏறினால் அந்த மருந்து கெட்டுப்போகும். கெட்டதை நெருப்புத் தொட்டால் டப்பாவே சிதறும். சிதறினால் தகடு பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கு வரும். தாங்கிப் பிடிக்க வந்த கை கத்தியோடு வந்த மாதிரி.

அவள் மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பரீட்சைத் தாளில் நல்ல பதிலைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினாள்.

"பட்டாசு நமத்தா வெடிக்காது. இது நமத்தா கூடுதலா வெடிக்கும். கொள்ளாமே!"

"கொள்ளாமா? இதுல என்ன நல்லாருக்கு? ஏட்டி, உனக்க மூஞ்சிக்கு நேரையாக்கும் அது இருக்கு."

"பதினோராம் வகுப்புக்கு இத ஒரு கேள்வியா போடலாம்" என்று சிரித்தபடி சாவியை எடுத்தாள்.

வெயிலும் ஈரமும் என்று எழுதியவர்கள் எங்கள் ஊரை நினைத்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. தென்மேற்கும் வடகிழக்கும் முறைபோட்டுப் பெய்கிற மண். உப்பு ஜாடி மூடியைத் திறந்தால் உப்பு தண்ணீராய் நிற்கிற அடுக்களை. அவள் காரை நிறுத்துகிற பள்ளி வளாகத்துக்கும் கடலுக்கும் நடுவில் சில தென்னைகள் மட்டும்தான். அங்கே மணி துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், கரும்பலகையின் ஆணி துருப்பிடித்துச் சுவரில் செங்கண்ணீர் வடிக்கும். காற்றுக்கே நாக்கில் உப்பு கரிக்கும். அந்தக் காற்று பகல் முழுவதும் காரின் இடுக்குகளில் புகுந்து புகுந்து எங்கே போகிறது? இத்தனை வருடமும் கடல் சிறுகச் சிறுக அந்த டப்பாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு மழையை ரசித்திருக்கிறோம்.

நான் கார் ஓட்டுவதில்லை. சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை மட்டு. காலையில் பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பி, என்னை இரணியல் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அவள் மணவாளக்குறிச்சிக்குப் போவாள். நான் ரயிலேறி நாகர்கோவிலில் ஓர் அச்சகத்துக்கு, பிழை திருத்தும் வேலைக்கு. எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வயலையும் வாழையையும் பார்த்துக்கொண்டு போகிறவன், இப்போது ஸ்டியரிங்கின் நடுவையே பார்த்துக்கொண்டு போனேன். பாம்புப் புற்றைப் பார்க்கிற மாதிரி. நல்ல கண்ணை அதற்குக் கொடுத்துவிட்டு மட்டான கண்ணை ரோட்டுக்குக் கொடுத்தேன்.

"நீங்க என்ன பாக்குதிய அங்க?"

"ஒண்ணுமில்ல. ஹாரன் அடிக்காத."

"ஹாரன் அடிச்சா வெடிக்காது. வண்டி எங்கயாவது போய் இடிச்சாத்தான். உங்களுக்கு வெப்ராளம் பிடிச்சிருக்கு."

வெப்ராளம்தான். எங்கள் பக்கத்தில் நெஞ்சுக்குள் ஈக்கூட்டம் புகுந்த மாதிரி இருக்கும் நிலைக்கு அதுதான் பேர்.

நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவு, சில்லென்ற காற்று, புது வண்டி வாங்குகிறவர்களுக்கு லட்டு. பழைய வண்டிக்காரர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க வண்டி லிஸ்ட்ல உண்டு சார். பார்ட்டு வரல்ல. வந்தா நாங்களே விளிப்போம்."

"எப்ப வரும்?"

"கம்பெனிலேந்து வரணும்."

"அதுவர ஓட்டலாமா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஓட்டலாம் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. ஓட்டக்கூடாது என்று சொல்லவும் இல்லை. "பைய ஓட்டுங்க சார்" என்றாள்.

விளிப்பது என்றால் எந்த எண்ணுக்கு? அவர்களுடைய கணக்கில் வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பேரில், அவருடைய எண்ணில் இருந்தது. மாற்ற வேண்டுமானால் அவருடைய கைபேசிக்கு ஓடிபி போகும், அதைச் சொல்ல வேண்டும். அவரோ வளைகுடாவில் எண்ணெய் டாங்கியின் உச்சியில் வெல்டிங் செய்துகொண்டிருக்கிறவர். வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். நான் கவுண்டரில் நிற்பேன், ஓடிபி போகும், அவர் டாங்கியில் இருப்பார், ஓடிபி செத்துப்போகும். சாயங்காலம் அவரே கூப்பிடுவார்.

"அண்ணே, சொகந்தானா? ஒரு நம்பர் வந்து கெடக்கு. சொல்லட்டா?"

"அது தீந்து போச்சு தம்பி."

"தீந்துதா? செரி, வண்டி எப்பிடி ஓடுது? நல்ல வண்டியாக்கும். நான் பொன்னு போல வச்சிருந்தேன், கேட்டேளா."

விஷயத்தைச் சொன்னேன்.  மெதுவாக, "எனக்க பிள்ளைய மடியில வச்சு ஓட்டியிருக்கேன் அண்ணே" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய விடுமுறை நாளில், போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்து ஓடிபியைச் சொன்னார். எண் மாறியது. பார்ட்டு வரவில்லை.

ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டேன். கட்டணமில்லா எண்ணில் இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழுக்கு எதை அழுத்தினாலும் வயலின் வாசித்தது. தக்கலையில் வழக்கமாக வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் கேட்டேன். "அந்த ஏர்பேக்குக்க ஒயர ஊரி விட்டிரலாம் சார். பின்ன பேடிக்க வேண்டாம்" என்றார். அன்று எனக்கு அது தேவவாக்கு. அவளிடம் ஓடிவந்து சொன்னேன்.

"ஊரி விட்டா, நெசமா எங்கயாவது போய் இடிக்கும்போ எனக்கு என்னத்தத் தருவிய? உங்க தலையணையையா?"

பை விரிந்தால் தகடு. விரியாவிட்டால் ஸ்டியரிங். இரண்டும் அதே முகத்துக்கு.

"பஸ்ஸுல போ."

"தக்கலைல ஒண்ணு, திங்கச்சந்தைல மாறி இன்னொண்ணு. பெல் அடிச்சு எத்தன நேரம் கழிச்சு நான் போய் நிக்க? இந்த வண்டிக்க வளையத்தப் பிடிக்கும்போதுதான் ஒரு நாளுல நான் நானா இருக்கேன். அத விடச் சொல்லாதிய." குரலில் சிரிப்பு இல்லை. நான் விட்டுவிட்டேன்.

இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. இரணியலுக்குப் போகும் வளைவில் எங்களுக்கு முன்னால் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிய மினி லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே பஸ் வர, லாரி சட்டென்று நின்றது. அவள் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டு, பைய, மிகப் பைய, முன்னால் போனது. குலைகளின் தண்டுகள் எங்கள் கண்ணாடியை நோக்கி வளர்ந்து வந்தன. நான் என் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் விரித்தேன். தகட்டை விரலால் தடுக்கலாம் என்று எந்த மூளை சொன்னதோ.

பொத் என்று ஒரு சத்தம். பம்பர் லாரியின் பின்னால் தொங்கிய வாழைக்குலையில் போய் முட்டி நின்றது. பை விரியவில்லை. எதுவும் சிதறவில்லை. வைப்பர் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். குலையைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், கடைசியில் உள்ளே, டீச்சரின் முகத்தை மறைத்து நிற்கும் என் கைகளைப் பார்த்தார்.

"டீச்சரே, காய முட்டியே பழுக்க வைக்கப் பாத்தியளா? பக்கத்துல ஒரு சாரு என்னத்துக்கு உங்க கண்ணப் பொத்தி வச்சிருக்காரு? பின்ன வண்டி இடிக்காம?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கையை எடுத்தேன்.  அன்று அச்சகத்தில் நான் திருத்திய தாள்களில் எத்தனை பிழை தப்பிப் போனதோ தெரியாது.

மழைக்காலம் முடிகிற வேளையில் சர்வீஸ் சென்டரிலிருந்து விளி வந்தது. பார்ட்டு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோனோம். பெஞ்சில் காத்திருந்தபோது எனக்கு ஒரே ஆசை. எடுத்த டப்பாவை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும். இத்தனை மாதம் என்னை உறங்கவிடாத முகம் எப்படி இருக்கும்?

"அது காட்ட முடியாது சார். சீல் வச்சு அனுப்பியாச்சு" என்றான் வேலை செய்த பையன். பிறகு காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து டாஷ்போர்டைத் தட்டினான். "இந்தப் பக்கத்துக்கும் ஒரு பேக் உண்டு சார். அதும் லிஸ்ட்ல உண்டு. அந்தப் பார்ட்டு வேற. அது வரல்ல." தட்டிய விரல் நின்றது. "இத யாரு ஒட்டினது?"

எங்கள் சபையில் பழைய வண்டியானாலும், வாங்கியதும் போதகர் வந்து ஜெபம் பண்ணாமல் ரோட்டில் இறக்கமாட்டார்கள். அன்று பெண்கள் ஐக்கியத்தார் ஒரு வசனப் பலகை பரிசு தருவார்கள். பெருவிரல் தடிமனில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், அதில் பொன்னெழுத்தில் காவலைப் பற்றி ஒரு பைபிள் சங்கீத வசனம். எங்கள் சபைக்காரர்களின் எந்த வண்டியில் பார்த்தாலும் அது இடப்பக்க டாஷ்போர்டில்தான் இருக்கும். அங்கேதான் சமமான இடம் இருக்கிறது, உட்காருகிறவர்கள் வாசிக்கவும் தோது. எங்கள் வண்டியில் அதை ஒட்டியது அவள். குண்டு குழியில் விழக்கூடாது என்று, கூட வேலைபார்க்கும் டீச்சரின் கணவரிடம், கடலுக்குப் போகிறவரிடம், பசை வாங்கி ஒட்டினாள்.

"இது பேக்குக்க மூடியாக்கும்" என்றான் பையன். "பேக் விரிஞ்சா இந்தப் பலக அப்பிடியே பறந்து வரும். நேரே, இங்க இருக்கியவருக்க மூஞ்சிக்கு."

அவள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வேதியியலில் அதற்கு ஒரு கேள்வியும் அவளுக்கு வரவில்லை.

வண்டியை எடுத்தபோது நான் வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன்.

"பொறத்த ஏறுங்க."

"பின் சீட்டுலயா? எதுக்கு? பார்ட்டு வரட்டும், அதுவர பைய ஓட்டுனா போதும்."

"பொறத்த ஏறுங்கன்னு சொன்னேன்."

அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இத்தனை மாதமும் அது என்னுடைய குரல்.

வீட்டில் அவள் பலகையோடு மல்லுக்கட்டினாள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினாள், தூண்டில் நூலை விட்டு அறுத்துப் பார்த்தாள், கத்தியைக் கையிலெடுத்துவிட்டு உள்ளே இருப்பதை நினைத்துக் கீழே வைத்தாள். பசை தந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"டீச்சரே, அது பைபர் படகுக்க ஓட்டைய அடைக்கிய பசையாக்கும். படகு போனாலும் அது போவாது."

சர்வீஸ் சென்டரில் கேட்டால், பார்ட்டு வந்தால் மூடியோடு சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார்கள். எப்போது வரும்? கம்பெனியிலிருந்து வர வேண்டும். இப்போது வாராவாரம் அவர்களைக் கூப்பிடுவது அவள். வயலினைக் கேட்டுக்கொண்டு பொறுமையில்லாமல் முற்றத்தில் நடக்கிறாள்.

நான் பின் இருக்கையில் போகிறேன். இரணியல் ஸ்டேஷனில் ஆட்டோக்காரர்கள், "ஓய், முதலாளி வந்தாச்சு, கதவத் தொறந்து விடுங்கப்பா" என்கிறார்கள். சிரிக்கிறேன். முன் இருக்கையில் பள்ளிப் பையைக்கூட அவள் வைப்பதில்லை. பொன்னெழுத்து காலி இருக்கையைப் பார்த்துக் காவல் சொல்லிக்கொண்டு வருகிறது.

பின்னாலிருந்து ஸ்டியரிங்கின் நடு எனக்குத் தெரிவதில்லை. அவளுடைய பின்கழுத்தும், மேலே கண்ணாடியில் அவள் கண்களும்தான் தெரிகின்றன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தக் கண்கள் ரோட்டை விட்டு என்னைத் தேடி வருகின்றன.

"பெல்ட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ ரோட்டப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்" என்கிறாள், என்னைப் பார்த்தபடி.