ஆள் உட்கார்ந்தால்தான் மட்டம்

ஒரு மேசையின் குணம் முழுக்கத் தெரிந்தவர் அதில் போட்டி ஆடலாமா? இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் இந்தக் கேள்விக்கு ஆடாமலேயே பதில் சொல்லிவந்தார்.

ஸ்நூக்கர் மேசைகளைப் பொருத்துவது, பச்சைத் துணியை இழுத்துக் கட்டி இஸ்திரி போடுவது, மட்டம் பார்ப்பது இவையே அவர் தொழில். மட்டம் பார்க்கும் கருவியின் பெயராலேயே ஊர் அவரை ரசமட்டம் என்று அழைத்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அந்தக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“ஒருநாள் அதை உங்க தலைமேல வச்சுப் பாக்கணும்” என்பாள் மனைவி.

வேலை முடிந்ததும் தனியாக ஆடுவார். மேதை என்று சொல்ல முடியாது. ஆனால் கை பிசகாத ஆட்டம்.

அந்த வருடம் கிளப், எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு சின்னப் போட்டி வைத்தது. கூடம் மாடியில், தரை மரப்பலகை. முன்வரிசையில் ஒரு பக்கம் ஆள் கூடினால் அந்தப் பக்கம் தரை மயிரிழை இறங்கும்; மேசையும் கூடவே சாயும். கிளப்பில் இது அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அதனால் ஆளை உட்காரவைத்துத்தான் மட்டம் பார்ப்பார். போட்டியன்று காலை மைத்துனர்கள் நால்வரும் வந்து சேர்ந்தார்கள்.

“மாப்ள, சும்மா உக்காரவா இவ்வளவு தூரம் வரச்சொன்னீங்க?” என்றார் மூத்தவர்.

“சும்மா உக்கார உங்களை விட்டா ஆளு ஏது? இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர்.”

“அத்தான், ஒரு காபி குடிச்சா கனம் கூடிடுமா?” என்றான் இளையவன்.

“கூடும். எந்திரிக்காதே.”

அரை மணி நேரம் மேசைக் கால்களைத் திருகினார். பிறகு கிளப் செயலாளரிடம், “முன்வரிசையில ரெண்டு பக்கமும் ஆறாறு பேர்தான். மிச்ச நாற்காலி காலியா இருக்கட்டும்” என்றார். செயலாளர் காரணம் கேட்கவில்லை. அவருக்கு வேறு தலைவலி இருந்தது: எட்டாவது ஆட்டக்காரர் விமானத்தைத் தவறவிட்டிருந்தார்.

“முதல் ஆட்டத்துக்கு நீங்க இறங்குங்க.”

“நான் மேசைக்காரன், சார்.”

“ஆடுங்க” என்றாள், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்திருந்த மனைவி. “நான் ஒரு தடவையாவது பாக்கணும்.”

ஆடினார். எதிராளி உலகம் சுற்றியவர். ஆனாலும் ஐந்து பிரேம் ஆட்டத்தில் நான்கு சுற்றுகள் முடிந்தபோது இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றி. ஐந்தாவதில் கடைசியாகக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் போட்டவருக்கு வெற்றி, மறுநாள் அரையிறுதி.

ஆட்டம் பார்க்க வலப்பக்க முன்வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்த மைத்துனர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை; கறுப்பை அருகில் பார்க்க நால்வரும் இடப்பக்கம் ஓடிவந்தார்கள். நடுவர் முறைத்ததும் அங்கேயே காலி நாற்காலிகளில் அமர்ந்துகொண்டார்கள். இப்போது இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் இரண்டு.

எதிராளி மெதுவாகக் கறுப்பை உருட்டினார். அது குழிக்கு இரண்டடி முன்பே சாய்வில் விலகி, இடப்பக்க ஓரத்தில் மோதி, அங்கேயே ஒட்டி நின்றது. அவர் நம்பமுடியாமல் கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து இவர் முறை. தரை சாய்ந்திருக்கும்வரை கறுப்பு ஓரத்தை விட்டு விலகாது. லேசாகத் தட்டினால் போதும், ஓரம் பிடித்துக் குழியில் போய் விழும். மட்டமான மேசையில் அதே அடி பாதியிலேயே விலகிப்போகலாம். மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு மைத்துனர்களைப் பார்த்தார்.

“எல்லாரும் அவங்கவங்க பழைய இடத்துக்குப் போங்க.”

“நல்லாத் தெரியுது மாப்ள, இங்கயே—”

“போங்க மச்சான்.”

நால்வரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. அவர் மறுபடி குனிந்து அடித்தார். கறுப்பு பாதி தூரம் ஓரத்தை ஒட்டியே போய், கொஞ்சம் விலகி, குழியின் உதட்டில் நின்றது. எதிராளி அதைத் தட்டிப் போட்டுவிட்டு வந்து கைகொடுத்தார்.

“எங்க கனம் ஆகாதுன்னு துரத்திட்டாரு” என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள் மைத்துனர்கள். மனைவி சிரிப்பதில்லை; மட்டம் பார்க்க அவளும் பலமுறை அந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவள். அன்று வீடு திரும்பும்போது கேட்டாள்: “ஏங்க, ஏன் அவங்களை எழுப்பினீங்க?”

“பாத்திரத்தை எடுத்துக்கிட்டியா?” என்றார் அவர்.