தனிக் கார்ட் தேவையில்லை என்றேன்

என் நண்பன் சந்திரனைக் கெடுத்தவன் நான்தான். கணினி வாங்கப் போனவனிடம் வேண்டுமென்றே பொய் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை... நன்றாகத் தெரிந்தே சொன்னேன்!

இதை என் வாயால் கேட்கும் முதல் ஆள் நீங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கணினி வகுப்பு நடந்தது. நானும் சந்திரனும் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். நனைந்த குடைகளைப் படிக்கட்டில் சாத்திவிட்டு, கீழிருந்து வரும் பணிஸ் வாசனையில் பசியோடு உட்கார்ந்திருப்போம். குளிரில் விறைத்த விரல்களால் மவுஸைப் பிடித்தால் அம்பு திரையெங்கும் ஓடும்; இருவரும் வாய்பொத்திச் சிரிப்போம். ஆகா, என்ன நாட்கள்! அவற்றை நினைத்து மகிழ எனக்கு உரிமை இருக்கிறதா?

என் அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கர்; எங்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ். சந்திரனின் அம்மா கொழுந்து பறித்தார். அவர்கள் இருந்தது லயத்தில், தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசை வீடுகளில். தோட்டத்தின் முதல் கணினி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பார்க்க வந்தவர்களைத் தொட விடமாட்டேன். அவ்வளவு தலைக்கனம்!

கண்டியில் கட்டடப் படம் வரையும் படிப்புக்குச் சந்திரனுக்கு இடம் கிடைத்தது. முடித்தால் நல்ல வேலை. அம்மாவை லயத்திலிருந்து கூட்டிப்போகலாம். அதற்கு வீட்டில் ஒரு கணினி வேண்டும். அவன் அம்மா கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தார். விவரம் தெரிந்தவன் என்று என்னையும் கடைக்கு அழைத்துப்போனார்கள்.

கடைக்கார அண்ணன் ஒளிக்காமல் சொன்னார்.

"டைப் பண்ண, பாட்டுக் கேக்கன்னா படம் காட்டுறதுக்கு மதர்போர்ட்லயே இருக்கிறது போதும் தம்பி. அது மெமரியில கொஞ்சம் எடுத்துக்கிட்டு சமாளிச்சிரும். வீட்ட த்ரீ டியில வரைஞ்சு சுத்திக் காட்டணும்னா தனியா விஜிஏ கார்ட் போட்டுருங்க. இல்லாட்டி இழுக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். "எங்களுக்கு என்னாங்க தம்பி தெரியும்? நீங்க போடச் சொன்னா போட்டுருவோம்."

எங்கள் வீட்டுக் கணினியில் தனிக் கார்ட் கிடையாது. என்னுடையதைவிட நல்லதொன்று லயத்துக்குப் போகப்போகிறது... எனக்கு வயிறு எரிந்தது. ஆம், பொறாமைதான்! வேறு பெயர் தேடி என்ன பயன்?

"தேவையில்லம்மா. எங்க வீட்டுலயே அது இல்ல. வீண் செலவு."

எடுத்த மலிவான மதர்போர்டில் பிற்பாடு கார்ட் சொருகவும் இடமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்!

பஸ்ஸில் மொனிட்டரை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தான் சந்திரன். லயமே கூடிவிட்டது. அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அவன் அம்மாவின் பெயரைத் திரை நிறைய அடித்துக் காட்டினான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் கூடவே நின்று சிரித்தேன்... எப்படி முடிந்தது என்னால்?

படிப்பின் இறுதியில் ஒரு வீட்டை முழுமையாக வரைந்து, எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்ட வேண்டும். கண்டியில் ஆசிரியர் சிங்களத்தில் வேகமாகச் சொல்லிப்போவார். இவன் கேட்கக் கூச்சப்படுவான். எல்லாச் சந்தேகத்தையும் என்னிடமே கொண்டுவந்தான்.

"மச்சான், வீட்டத் திருப்புனா அப்படியே நின்னுருது. வகுப்புல மத்தவங்க செஞ்சா சுத்துது. நான்தான் ஏதோ பிழையா செய்றேன் போல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பழகப் பழக வரும்டா" என்றேன்.

வரவில்லை. வீடு சுழலவே இல்லை. நாளாக நாளாக அவன் கண்டிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். கொழும்பில் புடவைக்கடைக்கு வேலைக்குப் போனான். பஸ் ஏற்றிவிடப் போனவன் நான்.

சில வருடங்கள் கழிந்தன. அவன் தங்கை சுமதிக்கும் அதே படிப்பு. அவளுக்கு எந்தக் கணினி எடுப்பது என்று கேட்க, கொழும்பிலிருந்து தொலைபேசியில் என்னைத்தான் அழைத்தான். தனிக் கார்ட் கட்டாயம் போடு என்றேன்.

"எனக்கு வேணாம்னியே மச்சான்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது... "அது அப்போ. இப்ப சொப்ட்வெயார் எல்லாம் பாரமாயிருச்சு" என்றேன். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்! சுமதியையாவது காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். என் மடத்தனத்தைப் பாருங்கள்!

தீபாவளிக்கு அவன் வந்திருந்தபோது சுமதி தான் வரைந்த வீட்டைக் காட்டினாள். கூரை, சன்னல், படிகள்... ஒரு தடங்கலும் இல்லாமல் சுழன்றது. சந்திரன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

"பாத்தியா மச்சான்! எங்க ரெண்டு பேர்ல அவளுக்குத்தான் மண்ட. நான் சும்மா அம்மா காசக் கரியாக்குனேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"தம்பி எவ்வளவோ சொல்லிக் குடுத்தாங்க. இவனுக்குத்தான் ஏறல" என்றபடி அம்மா முதல் தேநீரை எனக்கு நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன்.

சந்திரன் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறான். தனக்கு மூளை போதாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.