தொரைசானி வைத்த புல்

புல்லையும் ஆள் வைத்து வளர்ப்பார்கள் என்பது கல்யாணமாகி வரும்வரை எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். புல் என்றால் சுரண்டி எறிய வேண்டியது, அவ்வளவுதான். தேயிலைக்கு நடுவில் ஒரு புல் தலைகாட்டினால் போதும், கங்காணி கத்துவார், கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். முதுகொடிய நாள் முழுக்க நின்றாலும் அரைநாள் கூலிதான். லயத்து வாசலிலும் அதே கதை. சுரண்டிச் சாணி தெளித்து மண் பளிச்சென்று கிடந்தால்தான் அந்தக் காம்பராவில் ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று பேர். புல் முளைத்த வாசலைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் காறித் துப்பாத குறைதான்.

அப்படிப்பட்டவளை ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதிதாக வேலை கிடைத்த கணக்கப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் லயத்துப் பிள்ளைதான். கொட்டகலையில் பள்ளிக்கூடம் போய் நாலெழுத்து படித்ததால் கையில் சுரண்டி பிடிக்காமல் தப்பித்தவர். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை சொல்லியிருந்தார். அதுவரை அவர் ‘போ’ என்றால் போக வேண்டியதுதான். வேலை போனால் வீடும் போகும். எங்கள் பழைய காம்பராக்களில் அதற்குள் வேறு குடும்பங்கள் வந்துவிட்டன. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு ஊரே பதிலுக்குக் காத்திருந்த காலம் வேறு. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளினால் நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லக்கூட வழியில்லை.

இதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது. கண்ணாடி ஜன்னல், புகைபோக்கி வைத்த குசினி, எங்களுக்கென்றே தனியாகப் பைப்பு! ஒரே ஒரு குறைதான். முன்வாசல் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல். முன்பிருந்த கணக்கப்பிள்ளை வேறு தோட்டத்துக்கு மாறிப்போனபின் வீடு பூட்டிக் கிடந்ததாம். பூட்டிக் கிடந்தாலும் இப்படியா? அவருடைய சம்சாரத்தை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது. சீ, வாசலைக்கூடச் சுரண்டாமல் குடும்பம் நடத்தியிருக்கிறாளே என்று திட்டினேன்.

மறுநாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு அவர் கிளம்பிப் போனதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சுரண்டி. புல்வேர் லேசில் விடவில்லை. பாயைப் போல மண்ணோடு பின்னிக் கிடந்தது. நான் விடுவேனா? சின்ன வயதிலிருந்து செய்த வேலை. பொழுது சாய்வதற்குள் வாசல் மொட்டையாகச் சிவந்து கிடந்தது. சாணி கரைத்துத் தெளித்து, நடுவில் பெரிதாக ஒரு கோலமும் போட்டுவிட்டு, தலையைச் சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு அவர் வரும் வழியைப் பார்த்து நின்றேன். என்ன சொல்லிப் புகழப்போகிறாரோ என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

அவர் கேட்டைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னா புள்ள செஞ்ச?”

“வாசலச் சுத்தம் பண்ணுனேங்க. பொதரா மண்டிக் கெடந்துச்சு.”

“அடிப்பாவி! அது தொரைசானி வச்ச புல்லு!”

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பெரிய தொரையின் பெண்டாட்டி தன் பங்களாப் புல்தரையிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, உத்தியோகத்தர் வீட்டு வாசல்களில் ஆள் விட்டுப் பதிக்க வைத்ததாம். மழை விட்டதும் தொரையோடு காரில் வீடு வீடாக வந்து புல் எப்படியிருக்கிறது என்று பார்ப்பாளாம். தூக்கி எறிந்த புல்லை ஓடிப்போய் அள்ளினேன். வேரெல்லாம் அறுந்து, வெயிலில் வாடிச் செத்துவிட்டிருந்தது.

“லயத்துப் புத்தி போகுமா ஒனக்கு?” என்றார்.

“நீங்க என்னா லண்டன்லயா பொறந்தீங்க? இது தொரைசானி புல்லுன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?”

அவர் எழுந்துபோய்க் கேட்டைச் சாத்திவிட்டு, பாதையிலிருந்து வாசல் தெரிகிறதா என்று பார்த்தார். அதுதான் எனக்கு முதல் பயம். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக் கண்டாக்கையா எங்களவருக்கு மேலதிகாரி. அவருடைய சம்சாரம் மறுநாள் எட்டிப் பார்த்தார். “ஐயோ தங்கச்சி, மொட்ட மண்டையா ஆக்கிட்டியே!” என்று முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “முன்னாடி இருந்தவங்க புல்லுல ஆட்டக் கட்டுனாங்க. அதுக்கே தொரைசானி ஆடித் தீத்துருச்சு. அந்த மனுசன மாத்துனதே அதுனாலதான்னு பேச்சு” என்றார்.

ஆடு மேய்ந்ததற்கே மாற்றம் என்றால், வேரோடு பிடுங்கியதற்கு என்ன? அன்றிலிருந்து பாதையில் கார் சத்தம் கேட்டால் குசினிக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். கொழுந்து லொறி என்று தெரிந்த பிறகுதான் வெளியே வருவேன்.

தொரைசானி வருவதற்குள் புல்லை உயிர்ப்பித்தாக வேண்டும். பங்களாவில் போய்க் கேட்க முடியுமா? ஏன் என்று கேட்டால்? ஆற்றோரத்தில் வளர்ந்த புல்லை வெட்டி, சாக்கில் போட்டுத் தலையில் சுமந்து வந்தேன். யாராவது கேட்டால் மாட்டுக்கு என்று சொல்ல வேண்டும் என்றார் அவர். எங்களிடம் ஏது மாடு? அதைக்கூட யோசிக்க முடியாத அளவுக்கு மனிதர் பயந்துபோயிருந்தார். கால் முழுக்க அட்டை. வீட்டுக்கு வந்து உப்பை வைத்து அட்டைகளை உதிர்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டு துண்டாகப் பதித்தேன். நான் வைத்து முடிக்கவும் தென்மேல் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வாசல் சரிவான வாசல். சுரண்டின மண்ணுக்குப் பிடிமானம் ஏது? விடிந்து பார்த்தால் என் புல்லெல்லாம் சேற்றோடு வழிந்து பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தது. தலையிலடித்துக்கொண்டு அழுதேன்.

மறுபடி அள்ளி வைத்தேன். இந்தத் தடவை மூங்கில் குச்சிகளைச் சீவி ஒவ்வொரு துண்டிலும் ஆணி அடிக்கிற மாதிரி இறக்கினேன். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி மண்ணை மறித்தேன். அவர் வேலை முடிந்து வந்து, பாதைப் பக்கம் ஆள் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து, பலகையால் தட்டித் தட்டி அமுக்குவார். ஏதோ பொணத்தைப் புதைத்து மறைக்கிற ஆட்களைப் போலிருந்தோம். கண்டாக்கையா வீட்டு மாடு வேறு. ஒரு மத்தியானம் என் புல்லின்மேல் நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கல்லெடுத்து அடிக்கவும் பயம். மேலதிகாரி வீட்டு மாடாயிற்றே! “போம்மா தாயே, போம்மா” என்று கும்பிட்டுத்தான் அதை அனுப்பினேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் குனிந்து பார்த்தேன். ஒரு துண்டை மெல்ல இழுத்தால் வரவில்லை. வேர் பிடித்துவிட்டது! நுனியில் புதுப்பச்சை. அந்தப் பச்சையைத் தடவிப் பார்த்தபோது என்னையறியாமல் சிரிப்பு வந்தது. செருப்பில்லாத காலை அதன்மேல் வைத்தேன். குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏறியது. இதற்காகத்தான் வளர்க்கிறார்களா இவர்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதற்கப்புறம் நடுவில் முளைத்த களையைக்கூட நானே தேடித் தேடிக் கிள்ளினேன். புல்லுக்குள் களை! எந்தப் புல் நல்ல புல், எந்தப் புல் கெட்ட புல் என்று பார்க்கிற கண் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

ஆனால் அந்தக் கண்ணால் பார்த்தபோதுதான் இன்னொரு பயமும் பிடித்தது. தொரைசானியின் புல் மெல்லிசு. ஓரத்தில் சுரண்டிக்குத் தப்பிய கொஞ்சம் அப்படியே இருந்தது. என்னுடையது தடித்த இலை, வேறு பச்சை. குருடனுக்கும் தெரியும் இது வேறு அது வேறு என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. அவர் சாரத்தோடு இருந்தவர், பாய்ந்துபோய்க் கால்சட்டை மாட்டி, தொப்பியையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தொரைசானி புல்மேல் நடந்தாள். நின்றாள். குனிந்து மூங்கில் குச்சி ஒன்றைப் பிடுங்கி உயர்த்திப் பார்த்தாள். தொரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாள்.

தொரை தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். “இது அம்மா குடுத்த புல்லு இல்ல. அது எங்க போச்சு?”

எங்களவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போனால் போகட்டும், அவர் தலை தப்பட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

“நாந்தாங்க தொரை. வந்த அன்னைக்கே சொரண்டிப் போட்டுட்டேன். களப்புல்லுன்னு நெனச்சேங்க. இவுக ஒன்னும் செய்யல.”

“நீயா? எல்லாமா?”

“எல்லாந்தாங்க. ஒத்தப் புல்லு விடல.”

தொரை என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தொரைசானிக்கு அதை இங்கிலீசில் சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தொரை காரில் ஏறினார். ஏறினவர் தலையை வெளியே நீட்டி, “கணக்கப்பிள்ள, ஒம் பொஞ்சாதி நல்ல வேலைக்காரி. நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லு” என்றார். கார் போய்விட்டது.

தப்பித்தோம் என்று நான் ஒரு மூச்சுவிட்டேன். அவர் விடவில்லை.

“வரச் சொல்லுன்னாரே” என்றார்.

“சும்மா கேலிக்குச் சொல்லிட்டுப் போறாரு மனுசன்.”

“கேலியில்லன்னா?”

அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தோம். கேலியாக இருந்து நான் போனால், கணக்கப்பிள்ளை பெண்டாட்டி மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்று தோட்டமே சிரிக்கும். உத்தியோகத்தர் வீட்டுப் பொம்பளை பெரட்டுக்களத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் உத்தரவாக இருந்து நான் போகாவிட்டால்? தொரை சொல்லைத் தட்டியவனை நிரந்தரமாக்குவார்களா? நேராகப் போய்க் கேட்டுவிடுங்களேன் என்றேன். ‘நீங்க சொன்னது கேலியா தொரை’ என்று தொரையிடம் எவன் கேட்பான் என்றார். கண்டாக்கையாவிடம் கேட்டால் விஷயம் இன்னும் பரவும். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு நாளைக்கிப் போயிட்டு வந்துரு புள்ள. தொரை பாத்தாருன்னா அவரே போகச் சொல்லிருவாரு” என்றார். சரி என்றேன்.

பெரட்டுத் தப்பு அடித்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் முன்னாலேயே போய்விட்டார். சேர்ந்து போவது நன்றாக இருக்காது என்றார். பொம்பளைகள் வரிசையில் போய் நின்றேன். பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. “கணக்கப்பிள்ளையம்மா எதுக்கு இங்க?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். நான் காதில் வாங்காத மாதிரி நின்றேன்.

பேர் எடுப்பது அவர் வேலை. ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். கண்டாக்கையா பக்கத்திலேயே நின்றிருந்தார். என் புருசன் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: “பேரு?”

சொன்னேன்.

“அப்பா பேரு?”

அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்தவளிடம் நகர்ந்தார்.

அந்த நேரம் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இதோ பார்க்கப்போகிறார், சிரிக்கப்போகிறார், வீட்டுக்குப் போ என்று சொல்லப்போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். வரிசையை ஒரு பார்வை பார்த்தார். என்னையும் பார்த்தார். எல்லாரையும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். கண்டாக்கையாவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டார். நேற்றுச் சிரித்தது நேற்றோடு போயிற்று. அவருக்கு நான் யாரென்றே ஞாபகமில்லை.

ஆனால் பேர் பதிந்தாகிவிட்டது. பதிந்த பேரை வெட்ட வேண்டுமென்றால் தொரையிடம்தான் கேட்க வேண்டும். கேளுங்கள் என்றேன். வேலை நிரந்தரமாகட்டும் என்றார். நிரந்தரமானது. இப்போதாவது கேளுங்கள் என்றேன். “இப்பத்தான் நிரந்தரமாக்கியிருக்காரு, ஒடனே போயி நிக்கச் சொல்றியா?” என்றார். பிறகு அந்தத் தொரை குடும்பத்தோடு சீமைக்குப் போய், புதுத்தொரை வந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது, இப்போது சொல்ல என்ன என்றேன். “தெரியாம இருக்கிறதே நல்லது” என்றார். நான் போய்க்கொண்டே இருந்தேன். பெரட்டில் அவரை மற்றவர்கள் கூப்பிடுகிற மாதிரி ஐயா என்றுதான் நானும் கூப்பிட வேண்டும். எனக்கும் ஓர் அரைப்பேர் போட்டிருக்கிறார், கண்டாக்கையா பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒருநாள் மத்தியானம் வீட்டில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னங் கொஞ்சம் ஊத்தவாங்க ஐயா?” என்று கேட்டுவிட்டேன். சத்தியமாகக் குத்திக்காட்டவில்லை. வாய் பழகிவிட்டது. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவப் போனார்.