ஆட்டுக்கிடையில் ஒரு பத்தாம் வகுப்பு

எங்கள் தொழிலில் கடை கிடையாது, சரக்கு கிடையாது. அடுத்தவர் பிள்ளையின் ஒரு மணி நேரத்தைப் பேரம் பேசி வாங்குவதுதான் பிழைப்பு. ஊர் ஊராகப் போகிற பிள்ளை, ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளை, பஸ் எட்டாத ஊர்ப் பிள்ளை எல்லாருக்கும் தேடிப் போய்ப் பாடம் நடத்துவது என் பொறுப்பு. இதற்கு முன்னால் காரைக்குடியைச் சுற்றித் தவணைக்குப் பாத்திரம் விற்றேன். வாயும் கோபமும் அங்கே வளர்ந்தவை. பட்டம் அப்புறம் தபாலில் வந்தது. வெயிலில் பிள்ளை தேடி அலையும் என் சக பாவிகளே, காளீஸ்வரியைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைக்க நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வயல் பிடித்தது

காளீஸ்வரியின் அப்பா சாத்தையா ஆட்டுக்கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த வயலில் இரவு ஆடுகளை அடைத்து வைப்பார். புழுக்கை வயலுக்கு உரம். சில நாளில் அடுத்த வயலுக்கு நகர்வார். தை முடிந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார், மகளோடு. "பரீட்சை வரைக்கும் இருங்கண்ணே" என்றேன். "இருக்கேன். இங்குட்டு எனக்கு யாரு வயலு குடுப்பா?" என்றார்.

நியாயம்தானே. கீழச்சிவல்பட்டிப் பக்கம் நான் பாத்திரம் விற்ற வாசல்களில் மறுபடி ஏறினேன். பள்ளிக்கூட மணி காதில் விழாத வயல் எனக்கு வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் இறங்கிப் பேசினேன். வரிசையாக வயல் சேர்ந்தது. கடைசி வயல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "கிடை பேச வந்த மொத டீச்சர் நீதாம்மா. விடிஞ்சா மேய்க்கவும் நீயே வந்துருவியா?"

குட்டிகளை எங்கே விட

வயல் கிடைத்தும் காளீஸ்வரி பள்ளிக்கூடம் வரவில்லை. பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனபின், புதுக்குட்டிகளைக் குடாப்பு என்கிற பெரிய கூடைக்குள் கவிழ்த்து வைப்பார்கள். நாய் வராமல் பகல் முழுக்கக் காவல் இருப்பது அவள் வேலை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. நடு வயலில் நின்று கத்தினேன். சாத்தையா கடைசிவரை கேட்டுவிட்டு, "முடிச்சிட்டீகளா? இப்ப குட்டிகளை எங்குட்டு விட, சொல்லுங்க" என்றார்.

நேரே தலைமை ஆசிரியரிடம் போனேன். பள்ளிக்கூடத்துப் பின்பக்க வேப்பமரத்தடியில் குடாப்பை வைக்க இடம் கேட்டேன். மறுப்பார், சண்டை போடலாம் என்று தயாராக நின்றேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வைக்கட்டும். ஆனா சத்தத்துல அதுக என் ஒன்பதாம் வகுப்பை மிஞ்சக் கூடாது."

இடது கை

மாசியில் கிடைக்குள் வைத்துக் காளீஸ்வரியின் காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. உயிர் தப்பியது, கால் மட்டும் உரல் போல வீங்கிக் கிடந்தது. புத்தகத்தோடு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். நர்ஸ் வாசலிலேயே மறித்தார். பார்வையாளர் நேரம் முடிந்ததாம். பரீட்சை என்றேன், ஒரு வருஷம் வீணாகும் என்றேன், குரலை உயர்த்தினேன். "பிள்ளை இப்பத்தான் கண் அசந்திருக்கு. நாளைக்கு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் சண்டைக்கு ஆயத்தமாகவே போனேன். கட்டில் ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நகர்ந்திருந்தது. காளீஸ்வரி சாய்ந்து உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்த்தபடியே சொன்னார்: "வலது கை எழுதணும்ல, ஊசியை இடது கைக்கு மாத்திட்டேன். ஒரு மணி நேரம்தான். கத்தாம நடத்துங்க."

காலி வயல்

பரீட்சை நெருங்கியபோது சுற்றுவட்டத்தில் புல் தீர்ந்துவிட்டது. ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. மற்றக் கிடைக்காரர்கள் எல்லாரும் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒருநாள் விடியலில் வயலுக்குப் போனால் கிடை இல்லை. போயேவிட்டார். பெற்ற பிள்ளையை வார்டில் போட்டுவிட்டுப் போன மனுஷனா என்று பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெண்கள் வார்டு வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார் சாத்தையா. ஆடுகளை மச்சினனோடு அனுப்பிவிட்டாராம். கிடைக்காரர் தன் ஆட்டை இன்னொருவர் கையில் விடுவதென்பது சாமானியக் காரியமில்லை. திட்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

பரீட்சை அன்று டாக்டர் அனுமதி கொடுத்தார். ஆட்டோவில் சாத்தையா அவள் காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். பரீட்சைக் கூடம் வரை தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். நான் வெளியே கேட்டருகில் இருப்புக்கொள்ளாமல் நடந்தேன். நர்ஸ் ஊசியை மாற்றியது, இவர் ஆட்டை விட்டது, விடை மறந்துபோனால் என்ன ஆவது என்று எதையெதையோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். "உங்க ஆடெல்லாம் எலும்பாப் போச்சேண்ணே" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கூடத்து ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆடு ஒரு மழைக்குச் சதை போட்டுரும் டீச்சரம்மா. நீங்க செத்த நேரம் சத்தம் போடாம நில்லுங்க, உள்ள பிள்ளை எழுதுது."

பேரம் பேசியே பிழைத்த என் போன்றவர்களுக்கு, கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிற மனிதர்களைப் போல எரிச்சலூட்டுகிறவர்கள் உலகத்தில் கிடையாது.