கிளினிக்கில் நான் வாங்கிய முழுப் புள்ளி

போன வருசம் மாரி மழை விட்டு, வவுணதீவுப் பக்கம் வயல் வட்டையெல்லாம் பச்சையாய் நின்ற நேரம். மட்டக்களப்பு டவுனுக்கு இதயக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். இதயம் பம்ப் பண்ணுவது குறைவு என்று அதற்கு இரண்டு வருசம் முந்தி என் நெஞ்சுத் தோலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மெசின் வைத்திருந்தார்கள். மெசின் தன் வேலையைப் பார்க்கும். நான் ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏறி உடம்பு நிறை பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். இதுதான் பேச்சு.

அன்றைக்கு ஒரு நேர்ஸ் பிள்ளை தாளோடு வந்து, உங்களை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராய்க் கேட்டாள். கேள்விக்குக் கேள்வி புள்ளி. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் குருக்கள்மடத்துக்காரி, என் வயசுதான்.

"நிறை பாக்கிறீங்களா அம்மா?"

"மறந்து போயிருவன் மகள்."

"உப்பு?"

"கருவாடு இல்லாமச் சோறு இறங்காதே!"

இப்படியும் ஒரு மனுசி வாயைத் திறந்து சொல்லுவாளா என்று எனக்குச் சிரிப்பு.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். சோதினை எழுதிப் புள்ளி வாங்கியதே இல்லை. விடுவேனா? எல்லாவற்றுக்கும், "ஓம், ஒவ்வொரு நாளும்" என்றேன். கொப்பியையும் நீட்டினேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று முத்து முத்தாய் எழுதியிருந்தேன். தராசு ஐம்பத்தொன்று காட்டினாலும் நான் எழுதுவது நாற்பத்தெட்டுத்தான். கூட்டி எழுதினால், என்ன சாப்பிட்டீங்க மாமி என்று மருமகள் கேட்பாள்.

"முழுப் புள்ளி அம்மா!" என்றாள் அந்தப் பிள்ளை. குருக்கள்மடத்துக்காரி என் முழங்கையில் இடித்து, "கெட்டிக்காரிதாங்கா" என்றாள்.

உள்ளே டாக்குத்தர் என் காலை விரலால் அமத்தினார். குழி விழுந்தது. கொப்பியில் நாற்பத்தெட்டு, அவர்கள் தராசில் ஐம்பத்துமூன்று. "அம்மாட வீட்டுத் தராசு பழசாக்கும் சேர்" என்று நேர்ஸ் பிள்ளை எனக்காகப் பேசினாள். நானும் தலையாட்டினேன்.

"எல்லாம் சரியாத்தான் செய்யிறீங்க. அப்படியிருந்தும் நீர் கட்டுதெண்டா மெசினிலதான் ஏதோ பிழை. கொழும்புக்கு அனுப்புறன், திறந்து பாக்கட்டும்" என்று கடிதம் எழுதத் தொடங்கினார்.

திறந்து பார்ப்பதா? ஒரு குற்றமும் செய்யாத மெசினுக்காக என் நெஞ்சைத் திரும்ப வெட்டப் போகிறார்கள். பேனை ஓடிக்கொண்டே இருந்தது. நாலாம் வரியோ ஐந்தாம் வரியோ, அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சேர், எழுதாதீங்க. கொப்பி பொய். மாங்கேணியிலயிருந்து தம்பி கருவாடு அனுப்பினவன். ஒரு கிழமையா அதுதான் சாப்பாடு."

டாக்குத்தர் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "திரும்பக் கேளுங்க" என்று நேர்ஸ் பிள்ளையிடம் சொன்னார். அவள் புதுத் தாள் எடுத்தாள். இந்த முறை என் புள்ளி குருக்கள்மடத்துக்காரியை விடக் குறைவு! கதவடியில் இருந்த அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நான் வெளியே வர, "வாகா, எனக்குப் பக்கத்தில இரு" என்று இடம் விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நீர் போகக் குளிசை கூட்டித் தந்தார்கள். கருவாட்டை விட்டேன். பத்து நாளில் கால் வற்றியது. கொழும்புப் பேச்சே பிறகு இல்லை.

நாலு பேருக்கு முன்னால் கெட்டிக்காரியாய்த் தெரிவதற்காக என் உடம்பைப் பற்றியே பொய் சொன்னேனே என்று இன்றைக்கும் வெட்கம்தான், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அந்த நேரம் எனக்குத் துணிவு வந்ததே என்று நினைக்க மனசு நிறைந்துபோகிறது.